மண்ணுக்குள் போனால் மறைந்து போகுமா?

"பூமிக்குள்ள போயாச்சுன்னா போச்சு! அப்புறம் நமக்கென்ன?"

சென்னையில் பலருடைய நினைப்பு இதுதான். மெக்கானிக் கடையில் கழிவு ஆயிலை வாசல் மண்ணில் ஊற்றுகிறார்கள். வீடு கட்டுகிறவர் செப்டிக் டேங்குக்கு அடியில் கான்கிரீட் போடாமல் காசை மிச்சம் பிடிக்கிறார். கண்ணுக்கு மறைந்தால் காரியம் முடிந்தது!

முடிவதில்லை. ஒருவர் கொட்டியது இன்னொருவர் கிணற்றில் போய் நிற்கிறது.

போரில் வந்த டீசல்!

தண்டையார்பேட்டைக்காரர்களைக் கேட்டால் தெரியும். 2013-ம் ஆண்டு டி.எச். ரோடு பகுதியில் மோட்டாரைப் போட்ட மக்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. போர் தண்ணீரில் டீசல் வாடை! வாளியில் எண்ணெய் மிதந்தது. துறைமுகத்தில் இருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் பூமிக்கடியில் செல்லும் குழாயில் கசிவு ஏற்பட்டதே காரணம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

குழாய் ஓரிடம், கிணறு வேறிடம். எண்ணெய் எப்படி வந்தது?

வட சென்னை கடலோர மணல் பூமி. மணலுக்கு மணல் இடைவெளி உண்டு. அதன் வழியே எண்ணெய் இறங்குகிறது. கொஞ்சம் மணலில் ஒட்டிக்கொள்ளும். மீதி நிலத்தடி நீரைத் தொட்டதும், தண்ணீரை விட லேசு என்பதால் மேலே மிதந்து பரவும். அதில் உள்ள பென்சீன் போன்ற விஷப் பொருள் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் கூடவே போகும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

நிலத்தடி நீர் ஒரே இடத்தில் நிற்பதல்ல. மணலில் நாளைக்குச் சில அங்குலம், சில இடத்தில் சில அடி என்று ஊர்ந்துகொண்டே இருக்கும். களிமண்ணில் அதைவிட மெதுவாக நகரும். ஒரு வீட்டில் மோட்டாரைப் போட்டால் சுற்றுப்புறத் தண்ணீர் அந்தக் கிணற்றை நோக்கி வருகிறது. தண்ணீரோடு விஷமும் வருகிறது! மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் நெருங்கும்.

மழை பெய்து நீர்மட்டம் ஏறினால், மணலில் ஒட்டியிருந்த எண்ணெய் மறுபடி தண்ணீரோடு சேரும். "போன வருஷம் சரியாயிடுச்சு, இந்த வருஷம் திரும்ப நாறுதே" என்று ஜனங்கள் திகைப்பது இதனால்தான்.

ஆலை மூடியும் தீரவில்லை

வாடை வந்தாலாவது உஷாராகலாம். வாடையே இல்லாத விஷமும் உண்டு. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயன ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போயிற்று, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மட்டும் குவியலாக நின்றது. ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கியது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அவ்வளவு சிறிய அளவே ஆபத்து என்றால், மலை போன்ற குவியல் என்ன செய்யாது?

ஆலையை ஒரே நாளில் பூட்டலாம். நிலத்தடி நீரைக் கழுவ ஒரு தலைமுறை கூடப் போதாது!

"காய்ச்சினால் போதும்" என்பது தப்பு

செப்டிக் டேங்க் கதையும் இதுவே. மண் நல்ல வடிகட்டிதான். கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நைட்ரேட்டை மண்ணால் பிடிக்க முடியாது. அது தண்ணீரோடு கிணற்றுக்கு வந்துவிடும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கலாம்.

"காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடும்" என்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் குரோமியமும் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அளவு கூடத்தான் செய்யும்!

செய்ய வேண்டியது என்ன?

வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது: கெடுத்தவரே நஷ்டஈடும் தர வேண்டும், கெட்டதைச் சீர் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். நல்ல தீர்ப்புதான். ஆனால் கெட்ட பிறகு வாங்கும் பணம் கிணற்றைப் பழையபடி ஆக்கிவிடாது.

ஆகவே காவல் முன்னாலேயே வேண்டும். பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய்களையும் பெட்ரோல் பங்க் தொட்டிகளையும் காலாகாலத்தில் சோதித்து, முடிவை அந்தந்த வார்டு ஆபீசில் எழுதி ஒட்ட வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வார்டிலும் சில கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்து, அதையும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். கழிவு ஆயிலை உரிமம் பெற்ற சுத்திகரிப்பாளரிடம் கொடுக்காமல் மண்ணில் ஊற்றுகிறவர்கள் மீது நடவடிக்கை வேண்டும்.

இதற்கு ஆகும் செலவை, கெட்டுப்போன பேட்டைக்கு வருஷக்கணக்கில் லாரித் தண்ணீர் விடுகிற செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வாளியில் எண்ணெய் மிதந்த பிறகு அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கி என்ன பயன்? மிதக்கும் முன்னே வருவார்களா?