பிச்சாவரத்துக்குச் சுற்றுலா போனால் மட்டும் போதுமா?

போன மாதம் நம் பள்ளியிலிருந்து பிச்சாவரம் போய் வந்தோம் அல்லவா, அதைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேனில் ஏறியதிலிருந்து ஒரே பாட்டு. போட்டில் ஏறியதும் ஒரே கத்தல். படகுக்கார அண்ணன் மரத்தின் பெயரெல்லாம் சொன்னார், ஒன்றும் காதில் விழவில்லை. "1975-ல வந்த இதயக்கனி படத்துல எம்.ஜி.ஆர். இங்கதான் வருவார்" என்று சொன்னது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒரு உண்மை. சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணீரில் போட்டது நான்தான். அது ஒரு வேரில் போய் மாட்டிக்கொண்டது. எடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

மறுநாள் என் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் பெருமையாகக் கதை சொன்னேன். அவள் சுற்றுலாவுக்கு வரவில்லை. டீச்சரிடம் உடம்பு சரியில்லை என்றாள். என்னிடம், "அவ்ளோ காசு ஏதுடி? அதுவும் எங்க அம்மா தெனம் எறங்குற தண்ணிய நான் ஏன் காசு குடுத்துப் பாக்கணும்?" என்றாள். (அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) அவள் இங்கே ஆயா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அம்மா கிள்ளைப் பக்கம். அங்கே இருளர் மக்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியை வாயில் கடித்துக்கொள்வார்களாம்.

"சுரபுன்னை பாத்தியா?" என்று கேட்டாள். "முருங்கைக்காய் மாதிரி தொங்குச்சே, அந்தக் காயா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அது காய் இல்லடி, கன்னு. மரத்துலயே மொளைச்சுத் தொங்கும். விழுந்தா சேத்துல குத்திக்கிட்டு நிக்கும்." ஒரு மணி நேரம் படகில் போன எனக்கு இது தெரியவில்லை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருந்தது வெண்கண்டல் மரம் மூச்சு விடுகிற வேர் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே இந்தக் காட்டில் இருக்கும் தில்லை மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

பிறகு அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த அலையாத்திக் காட்டை, வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்களாம். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து பள்ளமாகிவிட்டது. உள்ளே வந்த அலைத்தண்ணீர் வெளியே போக முடியாமல் நின்று ஆவியாக, உப்பு ஏறி, கன்று முளைக்கவே இல்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் போய் வர வழி செய்த பிறகுதான் மரம் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் (நாம் பிறக்கவே இல்லை) மரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று, நம் கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்து 2005-ல் சயின்ஸ் என்ற பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். நாமோ அமேசான் காடு எந்தக் கண்டம் என்று கேட்டால் உடனே கை தூக்குகிறோம்.

என் கருத்து இதுதான். அடுத்த வருஷம் பாட்டு பாட மட்டும் போகக் கூடாது. ஒரு படகுக்கு நாலைந்து பேர், கையில் பாக்கெட் இல்லாமல் போகலாம். என் தோழியின் அம்மா மாதிரி ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போய்ச் சொல்லித்தரச் சொல்லலாம். வனத்துறையில் அனுமதி வாங்கி, அவர்கள் காட்டுகிற இடத்தில் நடலாம். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய் எத்தனை பிழைத்தது என்று எண்ண வேண்டும். இது முக்கியம். சுற்றுச்சூழல் தினத்துக்கு நம் பள்ளியில் நட்டதில் ஒரு வேம்புதான் மிச்சம். அதுவும் சத்துணவு ஆயாம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியதால்!

"சின்னப் பிள்ளைங்க, சேறு, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். கரையோரமாக, லைஃப் ஜாக்கெட் போட்டு, பெரியவர்களோடு இறங்கினால் போதும். என் தோழி ஏழு வயதிலேயே இறங்கியவள். காசு கட்ட முடியாதவர்கள் வீட்டில் நின்றுவிடாதபடியும் ஒரு வழி செய்யுங்கள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்ல வைக்காதீர்கள்.

இதை எழுதும்போது அவளிடம் கேட்டேன், உங்க அம்மா வருவாங்களா என்று. "வருவாங்க. எங்க அம்மாவையும் டீச்சர்னு கூப்பிடுவீங்களா?" என்றாள். நான் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வர விருப்பம் உள்ளவர்கள் கீழே ஒட்டியிருக்கும் தாளில் பெயர் எழுதவும். தலைமை ஆசிரியரிடம் கொடுக்கப் போகிறேன். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், தயவுசெய்து அவிழ்த்துப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி