காந்தி ரோடு தெரியும்... தம்பி நாயுடுவைத் தெரியுமா?

தாம்பரம் மெப்ஸ் கேட்டில் காலையில் விரலை வைத்து 'பஞ்ச்' பண்ணிவிட்டு உள்ளே போவது இன்று யாருக்கும் பெரிய விஷயமில்லை. 1907-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் அதுதான் பெரிய விஷயம். அங்கிருந்த இந்தியர்களும் சீனர்களும் விரல் ரேகை கொடுத்துப் பதிவு செய்யணும், போலீஸ் கேட்டால் சான்றிதழை நீட்டணும் என்று சட்டம் வந்தது. மறுத்தால் ஜெயில், இல்லையென்றால் நாடு கடத்தல்.

மறுத்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர் தம்பி நாயுடு.

சரி, யார் இவர்? மெட்ராஸ் மாகாணத்திலிருந்து மொரீஷியஸ் போன குடும்பத்தில் 1875-ல் பிறந்தவர். ஜோஹன்னஸ்பர்க்கில் சாதாரண வியாபாரி. பள்ளிப்படிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஆங்கிலம், தமிழ், இந்தி பேசுவார், தெலுங்கும் கொஞ்சம் தெரியும். (பெயரில் நாயுடு இருப்பதால் 'தமிழரா?' என்று கமென்ட் வரும். காந்தி அவரைத் தமிழர் என்றுதான் எழுதினார். அங்கிருந்த தமிழர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.)

1908 ஜனவரியில் காந்தியோடு ஜெயிலுக்குப் போனார். பிப்ரவரி 10-ம் தேதி, சமரசத்துக்குப் பிறகு பதிவு ஆபீசுக்கு நடந்துபோன காந்தியை மீர் ஆலம் தாக்கியபோது, தடுக்கப்போய் இவரும் அடி வாங்கினார். 1913-ல் டிரான்ஸ்வால் பெண்களை நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அழைத்துப் போனவரும் இவர்தான். ஒப்பந்தக் கூலி முடிந்தவர்கள் மீதான 3 பவுன் வரியை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் பெண்கள் மூன்று மாதம் கடுங்காவலில் இருந்தார்கள். நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அதில் ஒருவர். 1914-ல் வரி போனது.

இவர் கோபக்காரராக இல்லாதிருந்தால், டிரான்ஸ்வால் இந்தியர்களுக்கே தலைவராகியிருக்கலாம் என்று காந்தி பின்னாளில் எழுதினார். பாராட்டா, குறையா? கூலித் தொழிலாளியிடம் அவன் பாஷையில் பேசி வேலையை நிறுத்த வைக்க அந்தக் கோபமும் உதவியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை பெயர் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் அந்தப் போராட்டத்தை ஊர் ஊராக நடந்து கட்டியவரை நம் பாடப்புத்தகத் தலைமுறைக்குத் தெரியாமல் போனது நியாயமில்லை. 'காந்தியை மகாத்மா ஆக்கியது தென்னாப்பிரிக்கா' என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். அங்கே அவரோடு ஜெயிலுக்குப் போனவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்று யோசிப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். அது இந்தியர்களின் உரிமைக்கான போராட்டமாகவே இருந்தது; பாஸ் சட்டத்தில் நசுங்கிய கறுப்பின மக்கள் அதில் இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டியது நாயுடுவின் வாரிசுகள். அவர் 1933-ல் இறந்தார். பேரன் இந்திரஸ் நாயுடு நிறவெறி அரசை எதிர்த்து ராபன் தீவில் 10 வருஷம் கழித்தார். பேத்தி சாந்தி நாயுடுவை 1969-ல் தனிமைச் சிறையில் வைத்து, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.