வகுப்பறைக்குத் தேவை இன்னொரு காது

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிவந்தன. 2023-24 கல்வியாண்டில் உயர் வகுப்புகளும் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. 2025இல் பொதுத்தேர்வும் அம்முறையிலேயே நடந்தது. இந்த மாற்றத்தின் பாரம் அதிகம் தெரியும் பாடங்களில் ஒன்று ஆங்கிலம்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து, 100 முதல் 120 சொற்களுக்குள் அலசி எழுதச் சொல்கிறார்கள். அலுவல் கடிதமும் எழுத வேண்டும். கைடு பார்த்து நெட்டுரு போட்டவர்களுக்கு இது கைகொடுக்காது. வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளைக்குப் பழகும் இடம் வகுப்பறை ஒன்றுதான்.

இதற்குத் தீர்வு என்றதும் எல்லோருக்கும் ஸ்மார்ட் போர்டும் காணொளியும் நினைவுக்கு வருகின்றன. அவை ஆசிரியரின் குரலைத்தான் பெருக்குகின்றன. 40 நிமிடப் பாடவேளையில் 35 பேர் இருந்தால், ஆசிரியர் வேறெதுவும் செய்யாவிட்டால்கூட ஒருவர் வாசிப்பதைக் கேட்க ஒரு நிமிடம்தான் கிடைக்கும். ஆங்கில வகுப்பில் பற்றாக்குறை பேசுபவருக்கு அல்ல, கேட்பவருக்கு.

அருகிருந்து கேட்கும் ஒருவரால் என்ன மாறும் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. கல்வி ஆய்வாளர்கள் சுகதா மித்ராவும் ரித்து தங்வாலும் காளிக்குப்பம் கிராமத்தில் நடத்திய அந்த ஆய்வு 2010இல் வெளியானது. பொதுக் கணினியில் ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியலைத் தமிழ்ப் பிள்ளைகள் தாங்களாகவே படித்து, அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இணையான மதிப்பெண் பெற்றார்கள். பிறகு பாடம் தெரியாத, ஆனால் ஊக்கப்படுத்தும் ஒருவர் துணைக்கு வந்தார். அதன்பின் அந்தப் பிள்ளைகள் டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களையும் எட்டிப்பிடித்தார்கள். கணினியால் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதற்குச் சான்றாகவே இந்த ஆய்வு பெரிதும் பேசப்படுகிறது. மனிதத் துணை சேர்ந்ததும் மதிப்பெண் ஏறியதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தத் துணையின் வேலையில் ஒரு பகுதியைக் கருவியிடம் விடலாம். 2019இல் கூகுள் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகப்படுத்திய செயலி, பின்னர் ‘ரீட் அலாங்’ எனப் பெயர் மாறியது. பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லில் கைகொடுக்கும். வகுப்பில் எழுந்து வாசிக்கக் கூசும் பிள்ளைக்கு, சிரிக்காத செவி பெரிய ஆறுதல். குழந்தைகளின் குரல்பதிவு எங்கே சேர்கிறது என்று கேட்டுத் தெளிந்த பிறகே இத்தகைய கருவிகளைப் பள்ளிக்குள் விட வேண்டும்.

எழுத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சாட்ஜிபிடி ஒரு நொடியில் கடிதம் எழுதித் தரும். தேர்வு அறையில் அது வராது. அதைவிட, தடுமாறி எழுதும்போதுதான் சிந்தனை வரிசைப்படுகிறது. அந்தத் தடுமாற்றத்தைப் பறித்தால் பாடமே போய்விடும். ஆகவே முதல் வரைவு வகுப்பிலேயே, கையெழுத்தில் அமையட்டும். பிறகு எழுத்துப்பிழையையும் காலப்பிழையையும் மென்பொருள் சுட்டட்டும். திருத்தி எழுதுவது மாணவர் பொறுப்பு. பிழைத் திருத்தத்தில் மிச்சமாகும் நேரத்தில், சொல்ல வந்த கருத்து சரியா, ஆதாரம் போதுமா என்று ஆசிரியர் பார்க்கலாம்.

கல்வித் துறை அடுத்த கருவியை வாங்கும் முன், அதில் எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்று விற்பவர் சொல்வார். அதன் துணையால் ஒரு மாணவர் வாரத்துக்கு எத்தனை நிமிடம் பேசுவார், எத்தனை முறை திருத்தி எழுதுவார் என்று துறை கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத கருவிக்கு ஒதுக்கும் பணம், பள்ளிக்கு இன்னோர் ஆங்கில ஆசிரியரை நியமிக்கப் போகட்டும்.