வேதனையும் வலியும்: அளவீட்டின் பக்கம் நின்று

"நோயாளியின் சொல்லை முதலில் கேளுங்கள், எண்கள் பிறகு வரட்டும்" என்னும் வாதம் ஆய்வரங்குகளில் கைதட்டல் பெறுகிறது. மொழியியல் பயின்றவள் என்பதால் நானும் இதை ஏற்பேன் என்று நண்பர்கள் எண்ணுகின்றனர். மொழியியல் பயின்றதாலேயே மறுக்கிறேன்.

பாலக்காட்டு மாவட்டத்தில், கோவை எல்லையை ஒட்டிய எங்கள் வேலந்தாவளத்தில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. மலையாளத்தில் 'வேதன' என்றால் உடல்வலி. தமிழில் 'வேதனை' பெரும்பாலும் மனத்துயர். "நெஞ்சுவேதன உண்டோ?" என்று கேட்டால் எங்கள் பாட்டிமார், "அதெல்லாம் ஒண்ணுமில்லை சாமி" என்பர். வினாப்படிவத்தில் 'இல்லை' என்று பதிவாகிவிடும்.

வினா சரியாகப் புரிந்தாலும் சிக்கல் தீராது. உயர் இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. இல்லாத அறிகுறியை எந்த மொழியில் சொல்வது? அந்நோய் உள்ள வயதுவந்தோரில் 46 விழுக்காட்டினர் அதை அறியாதிருக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. என் பெரியப்பா, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சந்தையில் காய்கறி மூட்டை சுமந்தவர். பக்கவாதம் தாக்கிய அன்றுதான் அவர் கையில் முதன்முதலாக அழுத்தமானிப் பட்டை சுற்றப்பட்டது.

"நலமாயிருப்பவரை நோயாளியாக்கும் வணிகம் இது" என்பர் சிலர். விலையுயர்ந்த 'முழு உடல் பரிசோதனை' விளம்பரங்களுக்கு அக்குற்றச்சாட்டு பொருந்தலாம். நான் கேட்பது அழுத்தமானியும் விரல்நுனிச் சர்க்கரைச் சோதனையும் மட்டுமே. தேசியத் திட்டத்தின் வினாப்படிவத்தில் 4க்கு மேல் மதிப்பெண் பெறுவோருக்கே முன்னுரிமை. 'இல்லை' என்று சொன்னவர் வரிசையில் பின்தங்குகிறார். 30 வயது கடந்த ஒவ்வொருவருக்கும், வினா கேட்கும் அன்றே அளந்துவிட வேண்டும்.

எண்ணும் பிழைபடும். பட்டை சிறிதாயிருந்தாலும், நடந்து வந்த களைப்பு ஆறாவிட்டாலும் அளவு கூடும். எனவே 140/90 என ஒருமுறை கண்டதும் நோயென்று முடிவுகட்டலாகாது; வேறொரு நாளும் அளக்க வேண்டும். அப்பிழையை மீண்டும் அளந்து திருத்தலாம். 'இல்லை' என்று பதிவான சொல்லை யார் திருத்துவார்?

அளந்த பின்னரே மொழியின் பணி தொடங்குகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழில் மனுக் கொடுத்துத் தமிழிலேயே பதில் பெறும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அளித்துள்ளது. மனுவுக்குக் கிடைக்கும் அந்த மதிப்பு, எம்மக்களின் இரத்த அழுத்த அட்டைக்கும் கிடைக்கட்டும். முதலில் அளவுங்கள், பிறகு எங்கள் மொழியில் விளக்குங்கள்.