பனியும் சிக்கனமும்

குளிர்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எரிசக்திச் சிக்கனம் என்றதும் நிர்வாகத்தின் கை வெப்பமூட்டியின் மீதும் விளக்கு விசையின் மீதும் போகிறது. நடைபாதைப் பனியை அகற்றுவது வேறொரு செலவுக் கணக்காக நிற்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே பிழை என்பது என் எண்ணம்.

கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைய நிலையத்திலிருந்து கட்டடங்களுக்கு நீராவிக் குழாய்கள் செல்லும் சுரங்கங்களிலேயே மனிதரும் நடக்கிறார்கள். இவ்வழிகளின் நீளம் இன்று சுமார் 5 கிலோமீட்டர். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அது பனி படாத பாதை.

எல்லா வளாகங்களும் சுரங்கம் வெட்ட இயலாது. ஆயினும் விடுமுறையிலும் இரவிலும் பணிகளைச் சில கட்டடங்களில் குவித்து மற்றவற்றில் வெப்பத்தைத் தணிக்கலாம். எரிபொருள் மிஞ்சும், பனி வழிக்கவேண்டிய பாதையும் குறையும். கடுங்குளிரில் உப்புக்குப் பனிக்கட்டியை உருக்கும் வேகம் இராது. அப்போது மணல் தூவவும் ஆட்கள் மிஞ்சுவார்கள்.

பாதை விளக்குகளில் மட்டும் கை வைக்கலாகாது. விடியுமுன் அப்பாதையில் முதலில் நடப்பவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். அவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்து முறியும் எலும்பு எந்த மின்கட்டணப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அந்த மிச்சத்தைச் சிக்கனம் என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை.