ஒன்பதாம் சுற்றில் வந்தவர்

பேஸ்போல் எங்களில் கனபேருக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. எண்டாலும் ஜேக்கப் டிகுரோமைப் பற்றிக் கதைக்க வேணும். ஏனெண்டால் அவருடைய கதையைப் பெரும்பாலும் பாதியாகத்தான் சொல்லுகினம்.

அமெரிக்காவின் புளோரிடாவில், ஸ்டெற்சன் பல்கலைக்கழக அணியில் அவர் ஒரு களத்தடுப்பு வீரர். பந்து எறியத் தொடங்கியதே மூன்றாம் ஆண்டில்தான். தொழில்முறைக் கழகங்கள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிவுசெய்யும் முறைக்கு 'டிராஃப்ட்' எண்டு பெயர். 2010 டிராஃப்டில் நியூயோர்க் மெற்ஸ் கழகம் அவரை ஒன்பதாம் சுற்றில், 272ஆவது ஆளாக எடுத்தது. அதே ஆண்டில் முழங்கைத் தசைநார் கிழிந்து சத்திரசிகிச்சை. 2011 முழுக்க ஒரு போட்டியும் இல்லை. பிறகு மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை அணிகளில் படிப்படியாக ஏறி, 2014 மே மாதம், 25 வயதில், மேஜர் லீக்கில் முதல் போட்டி. அந்த ஆண்டே நஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரர். 2018, 2019 இரண்டிலும் சிறந்த பந்தெறி வீரருக்கான சை யங் விருது.

"விடாமுயற்சி இருந்தால் வெல்லலாம்" எண்டு இந்தக் கதையை முடிச்சுவிடுவது லேசு. அவருடைய உழைப்பை நாங்கள் குறைச்சுச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடம் விளையாடாத பெடியனைக் கழகம் கைவிடவில்லை. காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த காலத்தில், அதே நிலையில் இருந்த மூத்த வீரர் ஜொஹான் சந்தானா அவருக்கு வேகம் குறைந்த 'சேஞ்ச்அப்' பந்தின் நுணுக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். காத்திருக்க ஒரு இடமும், கற்றுக்கொடுக்க ஒரு ஆளும் இருந்தபடியால்தான் முயற்சி பலித்தது.

அந்த இடம் இப்ப சுருங்கி வருது. 2010 இல் டிராஃப்ட் 50 சுற்று. கொவிட் வந்த 2020 இல் வெறும் 5 சுற்று. இப்ப 20. மேஜர் லீக் கழகங்களோடு இணைந்த மைனர் லீக் அணிகளும் 2021 இல் 160 இலிருந்து 120 ஆகின. 2020 மாதிரி ஒரு ஆண்டில் டிகுரோம் வந்திருந்தால், ஒன்பதாம் சுற்று எண்டு ஒன்றே இருந்திருக்காது.

பழைய முறை பொற்காலமும் இல்லை. மைனர் லீக் வீரர்கள் மிகச் சொற்ப சம்பளத்தில் காலம் தள்ளினவை. 2022 இல் அவர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்த பிறகுதான், 2023 இல் முதலாவது கூட்டு ஒப்பந்தமும் நல்ல சம்பள உயர்வும் கிடைத்தன. அது நியாயமான வெற்றி. ஆனால் உள்ளே இருப்பவருக்கு நல்ல சம்பளம் கொடுப்பதும், பிந்தி வருபவருக்குக் கதவைத் திறந்து வைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கோடிக்கணக்கான டொலர் புரளும் ஒரு விளையாட்டுக்கு இரண்டையும் செய்ய முடியும்.

இருபது வயதில் ஒருவரை எடைபோட்டு முடிக்கிற எந்த முறையும், தான் இழந்த ஆட்களைக் கடைசிவரை அறியப் போவதில்லை. அவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராதே.