ஹேங் ஆனால் உடனே ஃபார்மட்டா?

வேலை செய்து கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் உறைந்து விடுகிறது. மவுஸ் நகரவில்லை. திரையில் உள்ள கடிகாரம் நின்று போகிறது. பாடிக் கொண்டிருந்த பாட்டு ஒரே ஓசையாக இழுக்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதை சர்வீஸ் கடையில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “ஃபார்மட் பண்ணிடலாம் சார்.”

இந்தப் பதிலை நான் ஒப்புக் கொள்வதில்லை. ஃபார்மட் செய்வது வைரசுக்கும், சிதைந்து போன சிஸ்டம் ஃபைல்களுக்கும் மருந்தாகலாம். முழு கம்ப்யூட்டரும் கட்டை போல் நின்று விடுவது வேறு நோய். அதற்கு ஃபார்மட் செய்தால் உங்கள் போட்டோக்கள் போகும், நோய் அப்படியே இருக்கும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உறைந்த நிலையில் கீபோர்டில் கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் இயங்குதளம் இன்னும் உயிரோடு இருக்கிறது, திரைதான் மாட்டிக் கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி துவங்கும். பல நேரங்களில் திரை திரும்பி விடும். விளக்கு அசையவே இல்லை என்றால் சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. ஒன்று கெர்னல் நின்று விட்டது, அல்லது ஹார்ட்வேரே நின்று விட்டது.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. ப்ராசசர், மெமரி, டிஸ்க் இவற்றோடு நேரடியாகப் பேசும் பகுதி அதுதான். ‘ஹார்ட்வேரில் குறை என்றால் கெர்னலுக்குப் போடும் பேட்ச் எப்படி அதைச் சரி செய்யும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1997ல் நடந்ததைச் சொல்கிறேன். நான் அப்போது கைக்குழந்தை. கல்லூரி முடித்து வேலைக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்து கொண்டதுதான்.

அந்த ஆண்டு நவம்பரில் இன்டெல் பென்டியம் ப்ராசசரில் ஒரு குறை வெளிப்பட்டது. நான்கே பைட்டுகள் கொண்ட ஒரு தவறான கட்டளையை எந்தச் சாதாரண ப்ரோகிராம் கொடுத்தாலும் முழு கம்ப்யூட்டரும் உறைந்து விடும். அட்மின் அனுமதி எதுவும் தேவையில்லை. தவறான கட்டளை வந்தால் அதை எந்த இடத்தில் கையாள வேண்டும் என்று சொல்லும் அட்டவணையை ப்ராசசர் படிக்கப் போகும். போன இடத்தில் வழியைப் பூட்டிக் கொண்டு தானே மாட்டிக் கொள்ளும். கெர்னல் எழுதுபவர்கள் அந்த அட்டவணை இருக்கும் மெமரிப் பக்கத்தின் அமைப்பை மாற்றி, ப்ராசசர் அங்கே வந்ததும் வேறொரு பிழை எழும்படி செய்தார்கள். பூட்டு விழுவதற்குள் கட்டுப்பாடு கெர்னலின் கைக்கு வந்து விடும். சிப்பில் ஒரு டிரான்சிஸ்டரைக் கூடத் தொடவில்லை. அதே மாதத்தில் வந்த லினக்ஸ் 2.0.32ல் இந்தப் பேட்ச் சேர்ந்து விட்டது.

என்னைக் கேட்டால் மிக அழகான வேலை. ஆனால் காசுக் கணக்கையும் பாருங்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1994ல், இதே பென்டியத்தில் வகுத்தல் கணக்கு தப்பாக வந்தபோது சிப்பையே மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது; இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்கியது. பேட்சால் மறைக்க முடிந்த குறைக்கு அப்படிப்பட்ட செலவு வரவில்லை.

சில பேட்ச்களுக்கு விலையை நாம் கொடுக்கிறோம். 2013ல் வந்த பே டிரெயில் வகை ப்ராசசர்களை மலிவு லேப்டாப்களில் நிறையப் போட்டார்கள். லினக்ஸ் போட்டவர்களுக்கு அவை காரணமில்லாமல் உறைந்தன. வேலை இல்லாதபோது ப்ராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதில்தான் தகராறு. ஆழமாகத் தூங்காதே என்று கெர்னலுக்கு ஒரு வரி கொடுத்தால் உறைவது நின்றது. பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்தது. ஆண்டுக்கணக்கில் பலர் இப்படித்தான் ஓட்டினார்கள்.

ஆகவே கம்ப்யூட்டர் எப்போது உறைகிறது என்று குறித்து வையுங்கள். கேம், வீடியோ எடிட்டிங் போன்ற கடும் வேலையின்போது என்றால் சூடு, எஸ்.எம்.பி.எஸ்., கிராபிக்ஸ் கார்டு. சும்மா இருக்கும்போது என்றால் இந்தத் தூக்கச் சமாச்சாரமாக இருக்க வாய்ப்பு அதிகம். என் சித்தப்பா வீட்டு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஆள் எழுந்து காபி குடிக்கப் போனால்தான் உறையும். கடையில் முதலில் ஃபார்மட் செய்தார்கள். தங்கையின் கல்யாண போட்டோக்கள் போயின. பிறகு ரேம் மாற்றினார்கள், பிறகு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பயாஸைப் புதுப்பித்து, ஓய்வு நேரத்தில் மின்சாரத்தை மிகவும் குறைக்கும் அமைப்பை சாதாரண அளவுக்கு மாற்றியதும் நின்றது. பத்து நிமிட வேலை. போட்டோக்கள்தான் திரும்ப வரவில்லை.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் திறந்து, சிஸ்டம் பகுதியில் உறைந்த நேரத்தைத் தேடுங்கள். கெர்னல்-பவர் 41 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். முறைப்படி அணைக்காமல் மறுபடி துவங்கியது என்பதற்கு மேல் அது சொல்வது குறைவு. அதை ஒட்டி ‘டபிள்யூ.ஹெச்.இ.ஏ. லாகர்’ என்று ஒரு பதிவு இருந்தால் ஹார்ட்வேரே தன் பிழையைச் சொல்லியிருக்கிறது. அதை போட்டோ எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள்.

அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இந்தப் பேட்ச்கள் எதையும் பெற மாட்டார்கள். அதே சமயம் பேட்ச் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்த் தேய்ந்து, கம்ப்யூட்டர் நிலையில்லாமல் போன விவகாரம் 2024ல் வெடித்தது. ஆகஸ்டில் புதிய மைக்ரோகோட் வந்தது. மதர்போர்ட் நிறுவனத்தின் பயாஸ் அப்டேட்டாகப் போட வேண்டும். இனி வரும் தேய்மானத்தைத்தான் அது குறைக்கும். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்தப் பேட்சும் குணமாக்காது. அதற்கு வேறு சிப்தான் வேண்டும்.

இன்டெல்லும் பெட்டியில் விற்ற அந்த ப்ராசசர்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு கூட்டி 5 ஆண்டாக்கியது. உங்களிடம் அந்த வகை இருந்தால் இன்றே பில்லை எடுத்துப் பாருங்கள். பெட்டியோடு வந்ததா, பெட்டியில்லாத ‘ட்ரே’ ப்ராசசரைக் கடைக்காரர் போட்டுக் கொடுத்தாரா? ட்ரே என்றால் வாரண்டி கேட்க வேண்டியது விற்ற கடையில்.